காட் மீன் போர்கள்: ஐஸ்லாந்து தன் கடலை மீட்ட வரலாறு

1958ஆம் ஆண்டுக்கும் 1976ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 4 கடல் மைலிலிருந்து 12 ஆகவும், பிறகு 50 ஆகவும், கடைசியில் 200 ஆகவும் விரித்தது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் அதை ஏற்க மறுத்து, தன் மீன்பிடிக் கப்பல்களுக்குத் துணையாகக் கடற்படையை அனுப்பியது. ஒவ்வொரு முறையும் முடிவில் பின்வாங்கியது. இந்த மூன்று மோதல்களும் காட் மீன் போர்கள் என்று அறியப்படுகின்றன. 1970களின் நடுவில் ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.2 லட்சம், பிரிட்டனின் மக்கள்தொகை 5.6 கோடி. ஐஸ்லாந்துக்குத் தரைப்படையும் கிடையாது, கடற்படையும் கிடையாது. கடலோரக் காவல் படையின் சில ரோந்துக் கப்பல்களே அதன் பலம். இரு நாடுகளும் நேட்டோ கூட்டணியின் உறுப்பினர்கள்.

இவ்வளவு சிறிய நாடு வென்றதில் அதன் மாலுமிகளின் துணிவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு அதன் இருப்பிடத்துக்கு உண்டு. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று கண்காணித்துவந்த கடல்வழியின் நடுவே அந்தத் தீவு கிடந்தது. கூட்டணிக்குத் தன் நிலம் எவ்வளவு தேவை என்பதை ரெய்க்யவிக்கில் ஆட்சி செய்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அந்தத் தேவையையே அவர்கள் பேரம் பேசும் வலிமையாக மாற்றினார்கள்.

மீனை நம்பிய தீவு

ஐஸ்லாந்தின் நிலத்தில் பெரும்பகுதி எரிமலைப் பாறை, பனியாறு, தரிசு. பயிர்த்தொழிலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் காடுகளோ நிலக்கரியோ இல்லை. ஆனால் தீவைச் சுற்றி, தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டமும் சந்திக்கின்றன. அந்தக் கடல் உலகின் வளமான மீன்பிடிப் பகுதிகளில் ஒன்று. 1950களில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மீனிலிருந்து வந்தது. அதில் முதலிடம் காட் மீனுக்கு.

1890களில் பிரிட்டனின் நீராவி இழுவைக் கப்பல்கள் இந்தக் கடலுக்கு வரத் தொடங்கின. கடலடியை வாரிக்கொண்டு செல்லும் இழுவை மடிகளுக்கு முன்னால், துடுப்புப் படகிலும் பாய்மரப் படகிலும் தூண்டில் போட்டு மீன் பிடித்த உள்ளூர்க்காரர்களால் நிற்க முடியவில்லை. அப்போது ஐஸ்லாந்தை ஆண்டுவந்த டென்மார்க், 1901இல் பிரிட்டனுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி ஐஸ்லாந்தின் மீன்பிடி எல்லை 3 கடல் மைல் மட்டுமே. ஒப்பந்தத்தின் ஆயுள் 50 ஆண்டுகள். பிரிட்டனின் சந்தை டென்மார்க் நாட்டு விவசாயிகளுக்குத் தேவைப்பட்டது. ஐஸ்லாந்துக்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தங்கள் கடல் தங்களைக் கேட்காமலே விட்டுக்கொடுக்கப்பட்டது என்ற மனக்குறை அடுத்த தலைமுறைகளின் அரசியலில் ஆழமாக வேரூன்றியது.

இரண்டு உலகப் போர்களின்போதும் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் வருவது பெருமளவு நின்றது. அந்த ஆண்டுகளில் மீன்வளம் மீண்டும் பெருகியது. போர் முடிந்து கப்பல்கள் திரும்பியதும் மறுபடி குறைந்தது. பாதுகாப்புக் கொடுத்தால் கடல் தேறும் என்பதற்கு ஐஸ்லாந்து அறிவியலாளர்கள் காட்டிய முதன்மையான சான்று இதுதான்.

கூட்டணிக்குள் வந்த விதம்

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியது. அடுத்த மாதம் 10ஆம் தேதி, ஐஸ்லாந்தின் அனுமதி இல்லாமலே பிரிட்டிஷ் படைகள் ரெய்க்யவிக்கில் இறங்கின. 1941 ஜூலையில் அமெரிக்கப் படைகள் அந்தப் பொறுப்பை ஏற்கத் தொடங்கின. ஐஸ்லாந்து 1944 ஜூன் 17 அன்று தன்னைக் குடியரசாக அறிவித்தது. மறு ஆண்டே அமெரிக்கா 99 ஆண்டுகளுக்கு ராணுவத் தளங்களைக் குத்தகைக்குக் கேட்டது. அப்போதுதான் பிறந்த குடியரசு அதை மறுத்துவிட்டது.

பனிப்போர் முற்றியபோது நடுநிலையாக இருப்பது கடினமாயிற்று. 1949 மார்ச் 30 அன்று ஆல்திங் என்னும் நாடாளுமன்றம் நேட்டோவில் சேர 37க்கு 13 என்ற வாக்குகளில் முடிவெடுத்தது. வெளியே ஆஸ்டுர்வோல்லுர் சதுக்கத்தில் கூடிய மக்கள் கல்லெறிந்தார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. ஐஸ்லாந்து படை வைத்துக்கொள்ளாது, அமைதிக் காலத்தில் அயல்நாட்டுப் படைகளும் அங்கே தங்க மாட்டா என்ற புரிதலோடு சேர்ந்தார்கள். கொரியப் போர் வெடித்த பின் அந்தப் புரிதலின் இரண்டாம் பாதி கைவிடப்பட்டது. 1951 மே மாதம் அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, கெஃப்லவிக்கில் அமெரிக்கத் தளம் அமைந்தது.

அந்தத் தளத்தின் மதிப்பை வரைபடமே சொல்லும். மூர்மன்ஸ்க் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட சோவியத் வடக்குக் கடற்படை அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் இறங்க வேண்டுமானால், கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள கடல் வாயில்களைக் கடக்க வேண்டும். நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்கள் கெஃப்லவிக்கிலிருந்து எழும்பி அந்த வாயில்களைக் கண்காணித்தன. அந்த வேலைக்கு அதே அளவு பொருத்தமான இன்னொரு நிலம் அங்கே இல்லை.

4 கடல் மைலும் சோவியத் சந்தையும்

1948இல் ஆல்திங் ஒரு சட்டம் இயற்றியது. கண்டத்திட்டுக்கு மேலுள்ள கடல் முழுவதிலும் மீன்வளத்தைப் பாதுகாக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. பிற்காலத்தில் எல்லை விரிந்த ஒவ்வொரு முறையும் இந்தச் சட்டமே அடிப்படையாக நின்றது. 1951 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றம் நார்வேக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வழக்கில் நார்வேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கடற்கரையின் வளைவு நெளிவுகளைப் பின்பற்றாமல், முனைகளை இணைக்கும் நேர்கோட்டிலிருந்து எல்லையை அளக்கலாம் என்பது அதன் சாரம். அதே முறையைப் பின்பற்றி 1952 மே மாதத்தில் ஐஸ்லாந்து 4 கடல் மைல் எல்லையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரிய வளைகுடாக்கள் இதனால் இழுவைக் கப்பல்களுக்கு மூடப்பட்டன.

பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் பதிலடி கொடுத்தார்கள். ஐஸ்லாந்துக் கப்பல்கள் ஹல், கிரிம்ஸ்பி போன்ற துறைமுகங்களில் மீன் இறக்க முடியாதபடி தடுத்தார்கள். பிரிட்டன்தான் ஐஸ்லாந்து மீனின் பெரிய சந்தை என்பதால், இந்த நெருக்கடி ஐஸ்லாந்தைப் பின்வாங்க வைத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். விளைவு வேறாக இருந்தது. 1953இல் சோவியத் ஒன்றியம் மீனை வாங்கிக்கொண்டு எண்ணெய் தரும் வணிக ஒப்பந்தம் செய்தது. சில ஆண்டுகளிலேயே ஐஸ்லாந்தின் முன்னணி வாடிக்கையாளர்களில் ஒன்றாயிற்று. நேட்டோ உறுப்பு நாடொன்று மாஸ்கோவைச் சார்ந்து நிற்பதைக் கண்டு வாஷிங்டன் கலங்கியது. அமெரிக்கச் சந்தையில் உறைந்த மீனின் விற்பனையும் வளர்ந்தது. மீன்களைத் துண்டமாக்கி உறையவைக்கும் ஆலைகள் பெருகின.

1956 மார்ச்சில் ஆல்திங் அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்த ஆண்டுக் கடைசியில் ஹங்கேரியில் சோவியத் படைகள் புகுந்ததாலும், மேற்கு நாடுகளிடமிருந்து கடன் உதவி கிடைத்ததாலும் தளம் தொடர்ந்தது. அதே நவம்பரில் பிரிட்டனின் தடையும் நீங்கியது. தளமும் மீனும் ஒரே பேச்சுவார்த்தையின் இரு பக்கங்கள் என்பது அன்றிலிருந்து எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

முதல் மோதல்: 12 கடல் மைல்

1958இல் ஜெனீவாவில் கூடிய முதல் கடல் சட்ட மாநாடு, ஒரு நாட்டின் கடல் எல்லை எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்யாமல் கலைந்தது. ஐஸ்லாந்து காத்திருக்கவில்லை. மீன்வள அமைச்சர் லூத்விக் யோசெப்ஸன் இடதுசாரியான மக்கள் கூட்டணிக் கட்சியைச் சேர்ந்தவர். அவருடைய முனைப்பில் 1958 செப்டம்பர் 1 முதல் 12 கடல் மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது. நேட்டோவின் பொதுச் செயலர் பால் ஹென்றி ஸ்பாக் சமரசம் செய்ய முயன்றும் பலன் இல்லை.

பிரிட்டிஷ் கடற்படை எல்லைக்குள் சில சதுரங்களை வகுத்து, இழுவைக் கப்பல்களை அவற்றுக்குள் மட்டும் மீன்பிடிக்க வைத்துக் காவல் காத்தது. மறுநாளே ‘நார்தர்ன் ஃபோம்’ என்ற இழுவைக் கப்பலில் ஐஸ்லாந்துக் காவலர்கள் ஏறினார்கள். ஈஸ்ட்போர்ன் என்ற போர்க்கப்பல் அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. கடற்படையால் கைதைத் தடுக்க முடிந்தது. மீன்பாட்டைப் பெருக்க முடியவில்லை. மீன் எங்கே நகர்கிறதோ அங்கே கப்பல் போக வேண்டும். வகுத்த சதுரத்துக்குள் சுற்றிவந்த கப்பல்களுக்குப் பாடு குறைந்தது.

1960இல் கூடிய இரண்டாம் ஜெனீவா மாநாட்டில், 6 மைல் ஆட்சிக் கடலும் அதற்கு அப்பால் 6 மைல் மீன்பிடி மண்டலமும் என்ற சமரச யோசனை ஒரே ஒரு வாக்குக் குறைந்து தோற்றது. 1961 மார்ச்சில் பிரிட்டன் 12 மைலை ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அதன் கப்பல்கள் வெளி 6 மைலின் சில பகுதிகளில் 3 ஆண்டுகள் மீன்பிடிக்க அனுமதி பெற்றன. எல்லையை இனி விரிப்பதானால் 6 மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும், தகராறு எழுந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. அடுத்த மோதலின் வித்து அந்தப் பிரிவில் இருந்தது.

இரண்டாம் மோதல்: 50 கடல் மைல்

1971இல் ஓலாஃபுர் யோஹன்னெஸ்ஸன் தலைமையில் அமைந்த கூட்டணி அரசு இரண்டு வாக்குறுதிகள் தந்தது. ஒன்று, 50 கடல் மைல் எல்லை. மற்றொன்று, அமெரிக்கத் தள ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்வது. இரண்டும் ஒரே திட்டத்தில் இடம்பெற்றதால், ஒன்றில் நெருக்கினால் மற்றொன்றில் விளைவு வரும் என்பதை நேட்டோ தலைநகரங்கள் புரிந்துகொண்டன. 1972 செப்டம்பர் 1 அன்று புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றன. அங்கே ஆஜராக ஐஸ்லாந்து மறுத்துவிட்டது. 1974இல் வந்த தீர்ப்பு, எல்லையைத் தன்னிச்சையாக விரித்து பிரிட்டனின் கப்பல்களை விலக்க ஐஸ்லாந்துக்கு உரிமை இல்லை என்றது.

இந்த மோதலில் ஐஸ்லாந்து கையாண்ட கருவி எளிமையானது. மடியை இழுக்கும் எஃகுக் கம்பிகளை அறுக்கும் கொக்கி ஒன்றை அதன் ரோந்துக் கப்பல்கள் பின்னால் கட்டி இழுத்துச் சென்றன. இழுவைக் கப்பலின் பின்புறமாகக் குறுக்கே ஓடினால், கொக்கி கம்பியில் மாட்டி அதை வெட்டிவிடும். மடியும் அதிலிருந்த மீனும் கடலடிக்குப் போகும். 1972 செப்டம்பர் 5 அன்று, தன் பெயரை மறைத்து மீன்பிடித்த ஒரு கப்பலின் மீது ஏகிர் என்ற ரோந்துக் கப்பல் இதை முதன்முதலாகப் பயன்படுத்தியது. யாருக்கும் காயம் இல்லை. முதலாளிக்குப் பெரும் நட்டம். ஆளைக் கொல்லாமல் தொழிலை முடக்கும் இந்த முறைக்குப் பீரங்கியால் பதில் சொல்ல பிரிட்டனால் முடியவில்லை.

1973 மே மாதத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எல்லைக்குள் வந்தன. கப்பல்கள் ஒன்றையொன்று முட்டத் தொடங்கின. மே 26 அன்று ஏகிர், நிற்க மறுத்த எவர்ட்டன் என்ற இழுவைக் கப்பலின் உடற்பகுதியைச் சுட்டது. ஆகஸ்ட் 29 அன்று ஏகிருக்கும் அப்போலோ என்ற போர்க்கப்பலுக்கும் மோதல் ஏற்பட்டது. சேதத்தைச் சரிசெய்யும்போது ஐஸ்லாந்துப் பொறியாளர் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார்.

செப்டம்பரில் ஐஸ்லாந்து, போர்க்கப்பல்கள் விலகாவிட்டால் தூதரக உறவைத் துண்டிப்பதாக அறிவித்தது. நேட்டோவின் பொதுச் செயலர் யோசப் லூன்ஸ் ரெய்க்யவிக்குக்கு விரைந்தார். அக்டோபர் 3 அன்று போர்க்கப்பல்கள் விலகின. பிரதமர்கள் லண்டனில் நேரில் பேசினார்கள். நவம்பர் 13 அன்று கையெழுத்தான உடன்பாடு, பிரிட்டனின் மீன்பாட்டை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,30,000 டன்னாக வரையறுத்தது. அதன் ஆயுள் இரண்டே ஆண்டுகள்.

மூன்றாம் மோதல்: 200 கடல் மைல்

1974இல் ஆட்சி மாறியது. தளம் வேண்டும் என்று 55,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவும் அந்த ஆண்டு வந்தது. புதிய பிரதமர் கெய்ர் ஹால்கிரிம்ஸன் மேற்கு நாடுகளின் உறுதியான நண்பர். ஆனால் மீன் விஷயத்தில் கட்சி வேறுபாடு கிடையாது. 1975இல் கடல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, காட் பிடிப்பைப் பெருமளவு குறைக்காவிட்டால் மீன்வளம் சரிந்துவிடும் என்று எச்சரித்தது. 1975 அக்டோபர் 15 அன்று எல்லை 200 கடல் மைலாயிற்று.

மூன்று மோதல்களில் இதுவே மிகக் கடுமையானது. பிரிட்டன் மொத்தம் 22 போர்க்கப்பல்களை மாற்றி மாற்றி அனுப்பியது. ஒரே நேரத்தில் 6 முதல் 9 வரை அங்கே இருந்தன. ஐஸ்லாந்தின் தரப்பில் 4 ரோந்துக் கப்பல்களும் ஆயுதம் பொருத்திய 2 இழுவைக் கப்பல்களும் நின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட முட்டல்கள் நிகழ்ந்தன. சோவியத் நீர்மூழ்கிகளை வேட்டையாடக் கட்டிய போர்க்கப்பல்களின் மெல்லிய உடல், பனிக்கடலுக்கென்று கட்டிய ரோந்துக் கப்பல்களோடு மோதிச் சிதைந்தது. பழுதுபார்க்கத் திரும்பிய ஒவ்வொரு கப்பலும் நேட்டோவின் உண்மையான பணியிலிருந்து விலகிய கப்பல்.

ஐஸ்லாந்து அமெரிக்காவிடம் வேகமான ரோந்துக் கப்பல்கள் கேட்டது. அமெரிக்கா தர மறுத்தபோது சோவியத் கப்பல்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. 1976 ஜனவரியில் கெஃப்லவிக் தளத்துக்குச் செல்லும் சாலைகளைப் போராட்டக்காரர்கள் மறித்தார்கள். லூன்ஸின் முயற்சியால் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சனோடு நடந்த பேச்சு தோல்வியுற்றது. பிப்ரவரி 19 அன்று ஐஸ்லாந்து பிரிட்டனுடன் தூதரக உறவை முறித்தது. நேட்டோ உறுப்பினர்களுக்கிடையே அப்படி நிகழ்ந்தது அதுவே முதல் முறை. மே 6 அன்று டைர் என்ற ரோந்துக் கப்பலை ஃபால்மவுத் என்ற போர்க்கப்பல் முட்டிக் கவிழ்க்கும் நிலைக்குக் கொண்டுபோனது. இனித் தாமதித்தால் உயிர்கள் போகும், கூட்டணியும் உடையும் என்ற அச்சம் எல்லாத் தரப்பையும் பிடித்தது.

நார்வே இடையில் நின்று பேசியது. 1976 ஜூன் 1 அன்று ஓஸ்லோவில் ஐஸ்லாந்தின் வெளியுறவு அமைச்சர் ஐனார் ஆகுஸ்ட்ஸனும் பிரிட்டனின் ஆண்டனி கிராஸ்லண்டும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். கிராஸ்லண்ட் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியின் நாடாளுமன்ற உறுப்பினர். தன் தொகுதியின் இழப்புக்கு அவரே கையெழுத்திட நேர்ந்தது. 200 மைலுக்குள் நாளொன்றுக்குச் சராசரியாக 24 பிரிட்டிஷ் கப்பல்களுக்கு 6 மாதம் அனுமதி. டிசம்பர் 1 முதல் எதுவும் இல்லை.

வெற்றியின் காரணங்கள்

முதல் காரணம், அக்கறையின் அளவு. பிரிட்டனுக்கு இது சில துறைமுகங்களின் பிழைப்பு. ஐஸ்லாந்துக்கு நாட்டின் பிழைப்பு. ஆகவே ஐஸ்லாந்து எவ்வளவு தூரமும் போகத் தயாராக இருந்தது. அதை எதிர்த்தரப்பும் அறிந்திருந்தது.

இரண்டாவது, எதிரி கூட்டணிக்குள்ளேயே இருந்தான். நட்பு நாட்டின் கப்பலை மூழ்கடிக்க பிரிட்டனால் இயலாது. மோதல் நீண்டபோது அமெரிக்கா, நார்வே, நேட்டோ தலைமையகம் எல்லாம் லண்டனைத்தான் நெருக்கின; தளத்தை மூடும் அதிகாரம் ரெய்க்யவிக்கின் கையில் இருந்ததே அதற்குக் காரணம்.

மூன்றாவது, அந்த மிரட்டல் நம்பத்தக்கதாக இருந்தது. நேட்டோவை எதிர்த்த கட்சிகள் உண்மையாகவே ஆட்சியில் பங்கு பெற்றன. மேற்கை ஆதரித்த பிரதமர்கள், தங்களைக் கைவிட்டால் அடுத்து வருபவர்கள் தளத்தையே மூடுவார்கள் என்று சொல்ல முடிந்தது. அதே நேரத்தில் எந்த அரசும் கூட்டணியை விட்டு வெளியேறவில்லை. வெளியேறியிருந்தால் கையிலிருந்த வலிமையும் அத்தோடு போயிருக்கும்.

நான்காவது, காலம் ஐஸ்லாந்தின் பக்கம் ஓடியது. 1952இலேயே சிலி, பெரு, ஈக்வடார் ஆகியவை 200 மைலுக்கு உரிமை கோரியிருந்தன. 1973இல் தொடங்கிய மூன்றாம் கடல் சட்ட மாநாட்டில் பெரும்பான்மை நாடுகள் அதே திசையில் சென்றன. 1977 ஜனவரி 1 முதல் பிரிட்டனே 200 மைல் மீன்பிடி எல்லையை மேற்கொண்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியாவும் 200 மைல் பொருளாதார மண்டலத்தை ஏற்படுத்தியது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அதை உலக விதியாக்கியது.

விளைவுகளும் வரம்புகளும்

ஹல், கிரிம்ஸ்பி, ஃப்ளீட்வுட் ஆகிய ஊர்களில் தொலைகடல் மீன்பிடித் தொழில் சரிந்தது. ஆயிரக்கணக்கான மீனவர்களும் கரைத் தொழிலாளர்களும் வேலை இழந்தார்கள். பேச்சு மேசையில் இடமில்லாத அந்தக் குடும்பங்களே இரு அரசுகளின் சமரசத்துக்கு விலை கொடுத்தன.

ஐஸ்லாந்தின் கடலும் உடனே தேறிவிடவில்லை. வெளிநாட்டுக் கப்பல்கள் விட்டுப்போன இடத்தை உள்நாட்டு இழுவைக் கப்பல்கள் நிரப்பின; காட் மீன்வளம் 1980களிலும் நலிந்தே இருந்தது. 1984இல் ஒவ்வொரு கப்பலுக்கும் பிடிப்பு ஒதுக்கீடு வந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதை முழுமையாக்கியது. எல்லையை வெல்வது அரசியல். மீனைக் காப்பது அதற்குப் பிறகு தொடங்கிய தனி உழைப்பு.

ஐஸ்லாந்தின் வழியை எல்லாச் சிறு நாடுகளும் பின்பற்ற முடியாது. பிலிப்பைன்ஸ் 1951இலேயே அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்த நாடு. 1992இல் அமெரிக்கப் படைகள் அங்கிருந்து வெளியேறின. 1995இல் தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பவளத்திட்டைச் சீனா பிடித்துக்கொண்டது. 2016 ஜூலை 12 அன்று நடுவர் மன்றம் பெரும்பாலும் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் சீனா அதை ஏற்கவில்லை. அங்கே எதிராளி கூட்டணிக்கு வெளியே இருக்கிறான். அவனை அடக்கிப் பேசும் பொது நண்பன் யாரும் இல்லை. ஐஸ்லாந்துக்குச் சட்டம் எதிராக இருந்தும் கூட்டணி துணை நின்றது; பிலிப்பைன்ஸுக்குச் சட்டம் துணை நின்றும் அது போதவில்லை.

ஐஸ்லாந்தின் வலிமையும் நிலையானதாக இருக்கவில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்த பின் கெஃப்லவிக்கின் தேவை குறைந்தது. 2006 மார்ச்சில் அமெரிக்கா தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக ஐஸ்லாந்துக்குத் தெரிவித்தது. ரெய்க்யவிக் தடுக்க முயன்றும் அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று தளம் மூடப்பட்டது. வல்லரசுகளின் போட்டி தந்த பேர வலிமை, போட்டி தணிந்ததும் தணிந்தது. அதற்குள் 200 கடல் மைல் எல்லை உலகச் சட்டமாகியிருந்ததால், ஐஸ்லாந்தின் கடல் ஐஸ்லாந்திடமே நின்றது.